போகிக்குக் கழித்த டிரைவர்



2025 பொங்கல் விழாவில் காட்டிய வீடியோ படத்தைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் பாராட்டினீர்கள். விழாவுக்கு நான்கு நாள் முன்பு அந்தப் படம் என் கம்ப்யூட்டரில் திறக்கவே மறுத்தது என்பது என் வீட்டாருக்கும் லாமிங்டன் ரோட்டில் ஒரு கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும். இப்போதெல்லாம் கல்யாண வீடியோ, அரங்கேற்ற வீடியோ என்று நம் வீடுகளில் பிள்ளைகளே எடிட் செய்கிறார்கள். எனக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரலாம். ஆகவே, பட்டதை எழுதுகிறேன்.

சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் 2021-இல் காலமானது உங்களுக்குத் தெரியும். 2019-இல் டோம்பிவிலியில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசவைத்திருந்தேன். 1958-இல் மதராஸில் ரயிலேறி தாதரில் இறங்கியது, மாட்டுங்கா மெஸ்ஸில் இடம் பிடித்தது, முதல் சம்பளத்தில் நாற்பது ரூபாயை ஊருக்கு மணியார்டர் செய்துவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்டியது எல்லாம் அதில் உண்டு. அதையும் பழைய விழா கேசட்டுகளையும் சேர்த்து நாற்பது நிமிடப் படமாக்குவதாக ஏற்பாடு. அவருடைய மனைவி இப்போது பெங்களூரில் மகளோடு இருக்கிறார். போனில் அழைத்து, "தம்பி, அவர் குரலைக் கேட்டு நாலு வருஷம் ஆகப்போகுது. முன் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை" என்றார்.

விழா ஜனவரி 19, ஞாயிறு. 15-ஆம் தேதி, மாட்டுப் பொங்கல் இரவு, கடைசி ஐந்து நிமிடத்தை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எடிட்டிங் மென்பொருளின் பெயர்ப்பலகை வந்தது. பாதி நிரம்பியது. மறைந்தது. மறுபடி திறந்தேன், மறுபடி மறைந்தது. பிழை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போனாலாவது மனசு ஆறும். அதுவும் இல்லை!

பதற்றத்தில் எல்லோரும் செய்யும் தவறைத்தான் நானும் செய்தேன். மென்பொருளை நீக்கிவிட்டு, இருப்பதிலேயே புதிய பதிப்பை இறக்கி நிறுவினேன். இரவு மணி ஒன்று. அதிசயமாக ஒரே ஒரு முறை திறந்துகொண்டு, "உங்கள் புராஜெக்டைப் புதிய பதிப்புக்கு மாற்றவா? மாற்றினால் பழைய பதிப்பில் திறக்க முடியாது" என்று கேட்டது. என்ன தோன்றியதோ, வேண்டாம் என்று அழுத்தினேன். அடுத்த நொடி அதுவும் மூடிக்கொண்டது. "ஏங்க, படம் அழிஞ்சுபோச்சா?" என்று மனைவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்று தெரியும். அழியாது. எடிட்டிங் புராஜெக்ட் என்பது சமையல் குறிப்பு மாதிரி. எந்தக் காட்சியை எங்கே வெட்டு, எதற்குப் பின் எதை ஒட்டு, எந்த இடத்தில் இசையைக் குறை என்ற விவரம் மட்டுமே அதில் இருக்கும். காய்கறியும் அரிசியும், அதாவது நாம் படம் பிடித்த ஃபைல்கள், தனியே டிஸ்கில் அப்படியே இருக்கும். அந்தக் குறிப்பையும் பெரும்பாலான மென்பொருள்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'ஆட்டோ சேவ்' என்று வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்கின்றன. எனவே மென்பொருள் விழுந்தால் முதலில் செய்ய வேண்டியது, புராஜெக்டையும் அந்த நகல்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைப்பது. மற்ற வைத்தியமெல்லாம் அதற்குப் பிறகு.

கிராஃபிக்ஸ் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி, மறுநாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டேன். கார்டைக் கழற்றி டிபன் பையில் வைத்துக்கொண்டு, தாதரில் வண்டி மாறி கிராண்ட் ரோடில் இறங்கினேன். புதுக் கார்டு முப்பதாயிரம் ரூபாய் ஆகுமே என்று வயிறு கலங்கியது. லாமிங்டன் ரோட்டுக் கடைக்காரர் கார்டைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். "கார்டு ஏக்தம் டீக் ஹை, சாப். கர் மே க்யா பத்லா?" என்றார். நேற்று முன்தினம் வரை ஓடியது என்றால், நடுவில் வீட்டில் என்ன மாறியது? காசும் வாங்கவில்லை. வந்த வியாபாரத்தையே வேண்டாமென்று அனுப்பிய மனிதர்!

வீட்டுக்கு வந்து மகனிடம் அதே கேள்வியைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "அப்பா, புது கேம் ஒண்ணு போட்டேன். டிரைவர் பழசா இருக்குன்னு சொல்லிச்சு. திங்கட்கிழமை அப்டேட் பண்ணினேன்." திங்கட்கிழமை போகி. பழையதைக் கழிப்பது நம் வழக்கம்தான். பிள்ளையைக் குறை சொல்வானேன்?

இந்த டிரைவர் வண்டி ஓட்டுகிறவர் அல்ல, துபாஷி. பம்பாய்க்கு வந்த புதிதில் நமக்கு மராத்தி தெரியாது, காய்காரருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் நடுவில் நின்று பேசி வாங்கிக் கொடுத்தார் அல்லவா? மென்பொருளுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் அப்படி நிற்பதுதான் டிரைவர். கடிதம் தட்டும் மென்பொருளுக்கு அந்தக் கார்டிடம் அதிக வேலை இல்லை. வீடியோ எடிட்டிங்குக்கோ காட்சியை விரிப்பது, நிறத்தைத் திருத்துவது, முடித்த படத்தை வெளியே எடுப்பது என எல்லாவற்றுக்கும் அதுவே வேண்டும். எனவே துபாஷி மாறினால் முதலில் தடுமாறுவது எடிட்டிங் மென்பொருள். எந்தக் கம்பெனிக் கார்டானாலும் இது நேரும்.

விண்டோஸில் ஒரு நல்ல வசதி பலருக்குத் தெரியாது. தேடும் கட்டத்தில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால், 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று நாள்வாரியாக ஒரு பஞ்சாங்கம் திறக்கும். என்ன நிறுவப்பட்டது, எது எப்போது விழுந்தது எல்லாம் அதில் உண்டு. சிவப்புக் குறியைத் தட்டினால், விழக் காரணமாக இருந்த ஃபைலின் பெயரைப் பெரும்பாலும் காட்டும். பெயர் 'என்.வி.' என்று தொடங்கினால் என்விடியா டிரைவர், 'ஏ.டி.ஐ.' அல்லது 'ஏ.எம்.டி.' என்றால் ஏ.எம்.டி., 'ஐ.ஜி.' என்றால் இன்டெல் என்று ஊகிக்கலாம். என் பஞ்சாங்கத்தில் புதன்கிழமைச் சிவப்புக் குறிகள் எல்லாமே கிராஃபிக்ஸ் டிரைவரைத்தான் காட்டின.

ஆனால் புதனன்று காலை விண்டோஸ் அப்டேட்டும் சேர்ந்து ஏறியிருந்தது. மைக்ரோசாஃப்ட் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வெளியிடுகிறது. நம் நேரப்படி அது செவ்வாய் இரவு ஆகிவிடும். அந்த மாதம் அது சரியாகப் பொங்கலன்று வந்தது! ஆக, மாறியவை இரண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் பின்வாங்கினால் குற்றவாளி யார் என்று கடைசிவரை தெரியாது. சந்தேகம் அதிகமுள்ளதில் தொடங்க வேண்டும். நான் டிரைவரில் தொடங்கினேன்.

முதலாவது வழி: 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் கார்டின் பெயரைத் தட்டி, 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானை அழுத்துவது. பழைய டிரைவர் உள்ளே இருந்தால் ஐந்து நிமிட வேலை. எனக்குப் பொத்தான் மங்கிக் கிடந்தது.

இரண்டாவது வழி: கார்டு கம்பெனியின் தளத்திலேயே பழைய டிரைவர்கள் கிடைக்கும். அதை முதலில் இறக்கிக்கொண்டு, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு (இல்லாவிட்டால் விண்டோஸ் தானாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடும்), புதிய டிரைவரை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பழையதை நிறுவ வேண்டும். இடையில் திரை எழுத்தெல்லாம் பூதாகரமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். நல்லகாலம், முன்பு ஓடிய அதே டிரைவரின் ஃபைல் என் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குப்பையோடு குப்பையாகக் கிடந்தது.

வியாழன் இரவு பதினொன்றரைக்கு மென்பொருளின் பழைய பதிப்பையும் போட்டுத் திறந்தேன். முதலில் வெற்றுப் புராஜெக்ட் ஒன்று. நின்றது. பிறகு நம் படம். செவ்வாய் மாலை விட்ட இடத்தில் பெரியவர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். பிளே பொத்தானை அழுத்தினேன். "அப்போ தாதரில் இவ்வளவு கூட்டம் கிடையாது" என்று பேசத் தொடங்கினார். சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

விண்டோஸ் அப்டேட்டைத் தொடவே தேவைப்படவில்லை. டிரைவரை மாற்றியும் சரியாகாதிருந்தால், 'அப்டேட் ஹிஸ்டரி'யில் உள்ள 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' வழியாக அதை நீக்கிப் பார்த்திருப்பேன்.

இனி எடிட் செய்யும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. வேலை நடுவில் இருக்கும்போது எதையும் அப்டேட் செய்யாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைக்க செட்டிங்ஸிலேயே வசதி உண்டு. வேலை முடிந்ததும் அப்டேட் செய்துவிடுங்கள்; பாதுகாப்புக்கு அது அவசியம். செய்யும் முன் 'ரீஸ்டோர் பாயின்ட்' ஒன்று வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் எண்ணை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். என்விடியா 2019 முதல் எடிட்டிங் போன்ற வேலைகளுக்கென்று 'ஸ்டுடியோ' டிரைவர் தனியாகவும், விளையாட்டுகளுக்கு 'கேம் ரெடி' டிரைவர் தனியாகவும் தருகிறது. அந்தக் கார்டு வைத்திருப்போர் வேலைக்கேற்றதைப் போடலாம். படம் முடியாவிட்டாலும் தினமும் இரவில் அதுவரை ஆனதை ஒரு வீடியோ ஃபைலாக வெளியே எடுத்து வையுங்கள். நான் அப்படிச் செய்திருந்தால் புதனிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஞாயிறன்று அந்த அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து படம் முழுவதும் அசையாமல் பார்த்தார். அழவில்லை. சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "தம்பி, அந்த மணியார்டர் சொல்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடுவியா?" என்று கேட்டார். போட்டேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பையன்களும் கையில் நாற்காலியோடு நின்று கேட்டார்கள். முடிந்ததும் அவர், "நாற்பது இல்லை, முப்பத்தஞ்சு. எப்பவும் அஞ்சு கூட்டித்தான் சொல்வார்" என்றார்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட்டுகள் இருக்கும். நாளாக ஆக நாடா கெட்டுக்கொண்டேதான் போகும். சங்கம் கூடும் ஞாயிறுகளில் கொண்டு வாருங்கள், கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறேன். டிரைவரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.