அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கம் நிலம் அதிர்ந்தால் வீடு தாங்குமா? கொத்தனாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் - முழு விளக்கம்

2021 நவம்பர் 29, அதிகாலை 4.17 மணி. வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கி.மீ. தூரத்தில், 25 கி.மீ. ஆழத்தில், ரிக்டர் அளவில் 3.6 நிலநடுக்கம் ஏற்பட்டதாக தேசிய நில அதிர்வு மையம் அறிவித்தது. அடுத்த மாதமே, டிசம்பர் 23 பிற்பகலில், 3.5 அளவில் மறுபடியும் ஒன்று. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து கிராமங்களில் வீட்டுச் சுவர்களில் விரிசல் விழுந்தது. மக்கள் பதறிப்போய் தெருவுக்கு ஓடி வந்தார்கள். நல்லவேளையாக உயிரிழப்பு எதுவும் இல்லை.

ஆனால் இதற்கு 10 நாள் முன்னாடி, நவம்பர் 19 அன்று, அதே பேரணாம்பட்டில் கனமழையில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அன்றைக்கு நிலநடுக்கம் எதுவும் இல்லை. மழையில் ஊறிய சுவர்தான் உயிர்களைப் பறித்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். நிலம் அதிர்வது நேரடியாக ஆளைக் கொல்வது ரொம்ப அபூர்வம். மேலே விழுகிற சுவரும் கூரையும்தான் கொல்லும். நிலநடுக்கத்தைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனா சுவர் விழாமல் கட்ட முடியும்.

வேலூர் பக்கம் ஏன் நிலம் அதிர்கிறது?

இந்தியா உட்கார்ந்திருக்கும் நிலத்தட்டு வருடத்துக்கு சுமார் 5 செ.மீ. வேகத்தில் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த மோதலில்தான் இமயமலை எழுந்தது, அங்கேதான் பெரிய நிலநடுக்கங்களும் வருகின்றன. ஆனால் முட்டுகிற அழுத்தம் தட்டு முழுவதும் பரவுகிறது. தென்னிந்தியாவின் பழைய பாறைகளுக்குள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டான பிளவுகள் இருக்கின்றன. அழுத்தம் தாங்காமல் அவற்றில் ஒன்று கொஞ்சம் நழுவினாலும் மேலே இருப்பவர்களுக்கு 'டமார்' என்ற சத்தமும் அதிர்வும் வரும்.

3.6 அளவுக்கே விரிசல் என்றால், 6 வந்தால்?

ரிக்டர் கணக்கு சாதாரண அளவுகோல் மாதிரி கிடையாது. ஒரு எண் கூடினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அப்படிப் பார்த்தால், 6.2 அளவு நிலநடுக்கம், 3.6-ஐ விட ஏறத்தாழ 8,000 மடங்கு ஆற்றலை வெளியிடும்.

பொதுவாக 3.5 அளவிலான அதிர்வு, ஒழுங்காகக் கட்டிய வீட்டைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அந்த அளவுக்கே சுவர் பிளந்தால், அந்த வீட்டில் ஏற்கெனவே பலவீனம் இருக்கிறது என்று அர்த்தம்.

தென்னிந்தியா பாதுகாப்பான பகுதிதானே?

இந்த நம்பிக்கை 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் உடைந்தது. மகாராஷ்டிராவின் லாத்தூர் மாவட்டம், கிள்ளாரி. அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்த ஊர். அங்கே வந்த நிலநடுக்கம் 6.2 அளவு. தூங்கிக்கொண்டிருந்த கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலான வீடுகள் மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவரும், அதன் மேல் கனமான மண் கூரையும் கொண்டவை.

தமிழ்நாட்டிலும் வரலாறு உண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் பகுதியில் சுமார் 6 அளவில் நிலநடுக்கம் வந்தது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரி அருகே கடலில் 5.5 அளவில் வந்த அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது.

கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1893. இதன் 2016 பதிப்பு நாட்டை 2 முதல் 5 வரை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. வேலூர் இருப்பது 3-ஆம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி. சென்னை, கோவை, சேலமும் இதே மண்டலம்தான்.

வீடு எப்படி விழுகிறது?

சாதாரணமாக ஒரு வீட்டின் பாரம் மேலிருந்து கீழே இறங்கும். செங்கல் சுவர் அதை நன்றாகத் தாங்கும். நிலநடுக்கம் வீட்டைப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. அங்கேதான் சிக்கல்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை மேஜையில் செங்குத்தாக நிறுத்தி, அட்டைப் பக்கமாக விரலால் தள்ளினால் உடனே விழும். அதே புத்தகத்தைப் பாதி திறந்து, 'எல்' வடிவில் நிறுத்தினால் லேசில் விழாது. சுவரும் அப்படித்தான். தனியாக நிற்கிற சுவர் விழும். நான்கு மூலையிலும் பின்னிப் பிணைந்து, பெட்டி மாதிரி ஒன்றாக ஆடுகிற சுவர்கள் நிற்கும்.

பெரும்பாலும் மூலைகளில்தான் முதலில் பிளக்கும். மூலை விட்டுப்போனதும் சுவர் வெளிப்பக்கம் சாயும். தாங்க ஆள் இல்லாத கூரை உள்ளே இறங்கும்.

'பெல்ட்' போட்டாச்சா?

செங்கல் வீட்டைப் பெட்டியாகக் கட்டிப்போடுவதுதான் கொத்தனார்கள் சொல்கிற 'பெல்ட் கான்கிரீட்'. வீட்டைச் சுற்றி எங்கேயும் அறுபடாமல், உள்சுவர்கள் மேலேயும் ஓடுகிற கம்பி போட்ட கான்கிரீட் பட்டை இது. அட்டைப்பெட்டியைச் சுற்றி நாடா கட்டுகிற மாதிரி.

எங்கெங்கே வரணும்?

- தரைமட்டத்தில், பேஸ்மென்ட் முடிகிற இடத்தில்
- கதவு, ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டத்தில். இதுதான் ரொம்ப முக்கியம்
- ஓட்டு வீடு, ஷீட் வீடு என்றால் கூரை உட்காரும் இடத்திலும், முக்கோணச் சுவரின் சரிவிலும்

கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்குத் தளமே மேல் பெல்ட்டாக வேலை செய்யும்.

பெல்ட்டின் கனம் குறைந்தது 75 மி.மீ., அதாவது 3 இன்ச். நீளவாக்கில் இரண்டு கம்பி, அவற்றை இணைக்க 150 மி.மீ.க்கு ஒன்று வீதம் 6 மி.மீ. குறுக்குக் கம்பி. நீளக் கம்பியின் தடிமனை அறையின் நீளத்தைப் பார்த்து இன்ஜினியர் சொல்ல வேண்டும். மூலையில் கம்பியை வெட்டி விடாமல் வளைத்துக் கொண்டுபோகணும்.

இங்கே வழக்கமாக நடக்கிற தவறு என்ன? ஜன்னலுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போட்டு நிறுத்திவிடுவார்கள். அது ஜன்னலுக்கு மேலே உள்ள செங்கல்லைத் தாங்கும், அவ்வளவுதான். வீட்டைச் சேர்த்துப் பிடிக்காது.

இன்னும் சில விஷயங்கள்:

- வீட்டின் மூலைகளில் அடித்தளம் முதல் தளம் வரை செங்குத்துக் கம்பி. ஹாலோ பிளாக் சுவர் என்றால் மூலை ஓட்டைகளில் கம்பி இறக்கி கான்கிரீட் நிரப்பணும்
- கதவு, ஜன்னல் மூலையை ஒட்டி வரக்கூடாது. குறைந்தது 9 இன்ச் தள்ளி இருக்கணும்
- ஒரு சுவரின் நீளத்தில் பாதிக்கு மேல் கதவு, ஜன்னலுக்குப் போகக்கூடாது
- சுவர்க் கலவை 1 பங்கு சிமென்ட், 6 பங்கு மணல். இதைவிட சிமென்ட் குறையக்கூடாது
- கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விடணும். வெயில் கொளுத்தும் வேலூர் பக்கம் இதில் சலுகையே கிடையாது

பில்லர் போட்டால் பயமில்லையா?

பில்லர் இருந்தால் மட்டும் போதாது. 3-ஆம் மண்டலத்துக்குப் பொருந்தும் ஐஎஸ் 13920 விதியின் 2016 பதிப்பு, பில்லரின் சிறிய பக்கம் 300 மி.மீ., அதாவது சுமார் 12 இன்ச் இருக்க வேண்டும் என்கிறது. சின்ன வீடுகளில் பரவலாகப் போடப்படும் 9-க்கு 9 பில்லர் இந்தக் கணக்கில் வராது.

அடுத்தது ரிங். பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் இந்த வளையம்தான் ஆட்டத்தில் கான்கிரீட் சிதறாமல் பிடித்துவைக்கும். ரிங்கின் முனையை வெறும் 90 டிகிரியில் மடக்கினால், கான்கிரீட் உதிரும்போது ரிங்கும் திறந்துகொள்ளும். 135 டிகிரி, அதாவது பில்லரின் உள்பக்கம் நோக்கி கொக்கி மாதிரி மடக்கணும். பில்லரும் பீமும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் 100 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் நெருக்கமாக ரிங் வரணும். இதற்குக் கூடுதல் செலவு ரொம்பக் குறைவு. கம்பி கட்டுகிறவருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

கீழே பார்க்கிங், மேலே வீடு: ஆபத்து எங்கே?

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் அருகே 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தது. அங்கிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. சரிந்தவற்றில் பல, கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் பில்லர் மட்டும் நின்ற பார்க்கிங் கட்டடங்கள்.

மேல் தளங்களில் சுவர் இருப்பதால் அவை இறுக்கமாக இருக்கும். கீழே பிடிமானம் இல்லை. ஆட்டம் முழுவதும் அந்த ஒரு தளத்து பில்லர்கள் மேலேயே விழும். கீழே கடை, ஷட்டர், மேலே வீடு என்று ஆம்பூர், வேலூர், பள்ளிகொண்டா பக்கம் கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கீழ்த்தளத்தில் சில இடங்களிலாவது அடித்தளத்திலிருந்து எழும் கான்கிரீட் சுவர் வேண்டும். எங்கே, எவ்வளவு என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் சொல்லணும்.

இதே பூஜ் நகரில் இடிந்துபோன மாவட்ட மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோது, கட்டடத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகளை வைத்தார்கள். நிலம் ஆடினாலும் கட்டடத்துக்குப் போகும் ஆட்டம் குறையும். மருத்துவமனைகளுக்கு ஏற்ற தொழில்நுட்பம் இது. சாதாரண வீட்டுக்கு பெல்ட்டும் ரிங்கும் போதும்.

மலை கிராமத்து மண் வீடுகள்?

அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என மலை ஊராட்சிகள் இருக்கின்றன. மண் சுவர் என்றாலே விழும் என்று சொல்லிவிட முடியாது. குஜராத்தின் கட்ச் பகுதியில் 'பூங்கா' எனப்படும் வட்டமான மண் வீடுகள் பல 2001-லும் நின்றன. வட்டச் சுவருக்குப் பிளக்க மூலை இல்லை, கூரையும் லேசானது.

மண் வீட்டுக்கு வேண்டியது: உயரம் குறைவு, சின்ன அறை, லேசான கூரை, லிண்டல் மட்டத்தில் மரம் அல்லது மூங்கிலால் ஆன சுற்றுப்பட்டை, சுவரின் அடி நனையாமல் இருக்க உயரமான கல் திண்ணை.

ஏற்கெனவே கட்டிய வீட்டை என்ன செய்யலாம்?

பூச்சில் மட்டும் இருக்கும் மயிரிழை விரிசல் பொதுவாக ஆபத்தில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், சுவரின் இரண்டு பக்கமும் தெரியும் விரிசல், இரண்டு சுவர் சேரும் மூலையில் விடும் இடைவெளி - இந்த மூன்றையும் இன்ஜினியரிடம் காட்டணும். மேலே சிமென்ட் பூசி மறைப்பது தீர்வு இல்லை.

வீட்டை இடிக்காமலே பலப்படுத்தவும் வழி இருக்கு. லிண்டல் மட்டத்திலும் மூலைகளிலும் பூச்சைக் கொத்திவிட்டு, வெல்டு மெஷ் வலையைச் சுவரோடு ஆணியடித்துப் பிணைத்து, மேலே சிமென்ட் கலவை பூசுவார்கள். பழைய வீட்டுக்கு வெளியிலிருந்து போடும் பெல்ட் இது. மாடியில் ஆடுகிற கைப்பிடிச் சுவர், ஓரத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டி இரண்டையும் முதலில் சரிசெய்யணும். கீழே நிற்பவர் தலையில் விழுவது பெரும்பாலும் அவைதான்.

தோல் தொழிற்சாலைகளில் தனி கவனம் ஏன்?

தோல் பதனிடும் இடத்தில் சோடியம் சல்பைடும் கந்தக அமிலமும் பயன்படுகின்றன. அதிர்வில் இரண்டும் கொட்டிக் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு உண்டாகும். இரண்டையும் தனித்தனி அறையில், தரையோடு பிணைத்த ரேக்குகளில் வைப்பது அவசியம். நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்யும் ஷூ தொழிற்சாலைகளில் ஒரே மாடிப்படியை நோக்கி எல்லோரும் ஓடினால், நெரிசலே ஆளைக் கொன்றுவிடும். வெளியேறும் ஒத்திகை அதற்குத்தான்.

கட்டும்போது யார் கண்காணிப்பார்கள்?

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் உதவியுடன் 360 சதுர அடி வீடுகள் கிராமங்களில் எழுகின்றன. அலைச்சல் குறைந்தது நல்ல விஷயம். ஆனா கான்கிரீட் ஊற்றுகிற நாளில் கம்பியைப் பார்க்கப் பெரும்பாலும் வீட்டுக்காரர் ஒருவர்தான் இருப்பார்.

அதனால் இந்த 4 கேள்விகளை மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேளுங்க:

1. லிண்டல் பெல்ட் வீடு முழுக்கச் சுற்றி வருதா, இடையில் அறுபடுதா?
2. மூலையில் செங்குத்துக் கம்பி எங்கே?
3. ரிங் முனை உள்பக்கம் மடக்கியிருக்கா?
4. எத்தனை நாள் தண்ணீர் விடப்போறீங்க?

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பியை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூசி மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கு என்று யாராலும் லேசில் பார்க்க முடியாது.

நிலம் அதிரும்போது என்ன செய்யணும்?

வீட்டுக்குள் இருந்தால் உறுதியான மேஜைக்கு அடியில் உட்கார்ந்து தலையை மூடிக்கொள்ளணும். பீரோ, கண்ணாடி பக்கம் நிற்கக்கூடாது. மண் சுவர், பழைய ஓட்டு வீட்டில் வாசலுக்கு அருகில் இருந்தால் உடனே வெளியே வந்துவிடுவது நல்லது. வெளியே வந்ததும் சுவர், மின்கம்பம், மரத்தை விட்டுத் தள்ளி நிற்கணும். அதிர்வு நின்றதும் கேஸ் சிலிண்டரையும் மெயின் சுவிட்சையும் அணைக்கணும்.

விரிசல் விழுந்த வீட்டுக்குள் பரிசோதனை முடியும் வரை தூங்க வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணில் அழைக்கலாம்.