டீக்கப்பில் ரோஜாப்பூ பூத்த கதை

உங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு பீங்கான் கப்பாவது இருக்கும். சொந்தக்காரர் யாராவது கல்யாணத்துக்குக் கொடுத்ததாக இருக்கும். அதன் வயிற்றில் ஒரு ரோஜாப்பூ, விளிம்பில் ஒரு தங்கக்கோடு. வருஷக்கணக்கில் கழுவியும் அந்தப் பூ அழியவில்லை. பெயின்டாக இருந்தால் உரிந்து போயிருக்க வேண்டும், ஸ்டிக்கராக இருந்தால் கிழிந்து போயிருக்க வேண்டும். அப்படியானால் அது என்ன? அந்தப் பூ கப்புக்குள் எப்படிப் போனது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு இதை முதலில் சொல்லிக்கொடுத்தது பாடப் புத்தகம் அல்ல, என் அம்மா. அம்மா பதினோரு வருஷமாக ஒரு சின்ன செராமிக் யூனிட்டில் டீக்கால் ஒட்டுகிறார். நூறு கப்புக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் நான் செராமிக் பிரிவில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

காகிதத்தில் ஆரம்பித்த கதை

பழைய காலத்தில் பீங்கானில் படம் வேண்டுமென்றால் ஓவியர் தூரிகை பிடித்து ஒவ்வொன்றாக வரைய வேண்டும். பணக்காரர் வீட்டுக்குத்தான் அது கட்டுப்படியாகும். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தைச் சேர்ந்த ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர் 1756 ஜூலை 27 அன்று ஒரு காரியம் செய்து காட்டினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் 1200-க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சடித்துவிட்டதாகச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள். கைதேர்ந்த நூறு ஓவியர்கள் சேர்ந்தாலும் அந்த நேரத்தில் அவ்வளவு வரைய முடியாது என்று சாட்சி சொன்னவர்களும் உண்டு.

முறை இதுதான். செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்குவார்கள். கோடுகளுக்குள் பீங்கான் வர்ணத்தை எண்ணெயில் குழைத்துத் தேய்த்து நிரப்புவார்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தைத் தகட்டின் மேல் அழுத்தினால் படம் காகிதத்துக்கு வரும். ஈரம் காய்வதற்குள் காகிதத்தைப் பாத்திரத்தின் மேல் கவிழ்த்துத் தேய்த்தால் படம் பாத்திரத்துக்கு மாறிவிடும். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சாதாரணமாகக் காகிதத்தில் அச்சடிக்கும் தகட்டில் எழுத்தைத் திருப்பித்தான் செதுக்க வேண்டும். பாத்திரத்துக்கு அப்படி வேண்டாம், நேராகவே செதுக்கலாம். தகட்டிலிருந்து காகிதத்துக்கு வரும்போது ஒருமுறை திரும்புகிறது, காகிதத்திலிருந்து பாத்திரத்துக்குப் போகும்போது இன்னொரு முறை திரும்பி நேராகிவிடுகிறது.

பழைய இங்கிலீஷ் தட்டுகள் பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. படத்தை முதலில் போட்டு, அதன் மேல் கிளேஸ் பூசி, உயர்ந்த சூட்டில் சுடுவார்கள். அந்தச் சூட்டைத் தாங்கி நிறம் மாறாமல் நின்றது கோபால்ட் நீலம். மற்ற வர்ணங்கள் பல கரைந்தோ கருகியோ போயின. சொல்லப்போனால், அந்த நீலத்தைத் தேர்ந்தெடுத்தது மனிதனின் ரசனை மட்டும் அல்ல, சூளையும்தான்!

இன்றைய டீக்கால்

இப்போது அம்மா ஒட்டுவது தண்ணீரில் நழுவும் டீக்கால். ஃபிரெஞ்சுக்காரர்கள் 'டெகால்கொமானி' என்று சொன்னது சுருங்கி டீக்கால் ஆனது. பார்க்க ஒரே தாள், ஆனால் அதில் நாலு அடுக்கு இருக்கிறது.

அடியில் காகிதம். அதன் மேல் டெக்ஸ்ட்ரின் என்ற பசைப் பூச்சு. இது ஸ்டார்ச்சை வறுத்து எடுப்பது. மரவள்ளிக் கிழங்கு ஸ்டார்ச்சிலும் கிடைக்கும். தண்ணீர் பட்டால் இது கரைந்து வழவழப்பாகும். மூன்றாவது அடுக்குதான் படம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறமாக அச்சடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே 'கவர் கோட்' என்ற லாக்கர் படலம். படம் சிதறாமல் ஒரே துண்டாக நழுவி வருவதற்கு இந்தப் படலம்தான் காரணம்.

இங்கே பயன்படும் மை நோட்டீஸ் அடிக்கும் மை அல்ல. அது பெரும்பாலும் உலோக ஆக்சைடு. கோபால்ட் நீலம் கொடுக்கும், குரோமியம் பச்சை கொடுக்கும், இரும்பு செம்பழுப்பு கொடுக்கும். நல்ல பளிச்சென்ற சிவப்புக்குக் காட்மியமும் செலினியமும் வேண்டும். இவற்றோடு ஃபிளக்ஸ் என்ற கண்ணாடித் தூளைக் கலப்பார்கள். தாழ்ந்த சூட்டிலேயே உருகி, வர்ணத்தைக் கிளேஸோடு பிணைப்பது அந்தத் தூள்தான்.

ஆகவே பூ கப்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. கண்ணாடியோடு கண்ணாடியாக உருகிக் கலந்திருக்கிறது. அழியாததன் ரகசியம் இவ்வளவுதான்.

நான் கெடுத்த அறுபது கப்

முதலாம் ஆண்டு விடுமுறையில் அம்மாவுக்கு உதவியாக யூனிட்டுக்குப் போனேன். பெயர் வேண்டாம், சின்ன இடம்தான். மறுநாள் காலை ஆர்டர் போக வேண்டும் என்று அவசரம். டிப்ளமா படிக்கிறவன் ஆயிற்றே, இது என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன்.

டீக்காலைத் தண்ணீரில் போட்டால் முதலில் சுருளும், பிறகு தானாக விரியும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் போதும். அதிக நேரம் விட்டால் பசை முழுக்கக் கரைந்து போய்விடும். எடுத்து, கப்பின் மேல் வைத்து, காகிதத்தை மட்டும் கீழே இழுக்க வேண்டும். பிறகு ரப்பர் துண்டால் தள்ளித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

அம்மா நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவார். நடு, வலது, நடு, இடது, பிறகு மேலும் கீழும். ஒரு கப்புக்கு எட்டுத் தடவையாவது. நான் ஓரத்தைச் சுற்றி அழுத்தி, கடைசியில் நடுவில் ஒரு தட்டுத் தட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அம்மா ஒரு கப்பைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். "டேய், உள்ள தண்ணி நிக்குதுடா. எல்லாத்தையும் திருப்பி ஒட்டு."

"எங்கம்மா நிக்குது? ஒண்ணும் தெரியலியே!"

"கண்ணுக்குத் தெரியாது, வெரலுக்குத் தெரியும்."

நான் கேட்கவில்லை. நேரம் ஆகிறது என்று மேஸ்திரியும் அவசரப்படுத்த, சரியாகக் காயவும் விடாமல் சூளையில் அடுக்கியாகிவிட்டது. மறுநாள் திறந்தபோது என் அறுபது கப்பிலும் ரோஜாவுக்கு அம்மை போட்டதுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. சில பூக்களில் பாதி இதழே காணோம். நஷ்டத்தை அம்மாவின் கணக்கில் எழுதினார்கள். இரண்டு நாள் கூலி போயிற்று. அம்மா என்னைத் திட்டவில்லை. "அப்பாகிட்ட சொல்லாத" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காரணம் எனக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பில்தான் புரிந்தது. தண்ணீர் நீராவியானால் அதன் கன அளவு சுமார் 1600 மடங்கு பெருகும். டீக்காலுக்கு அடியில் கடுகளவு தண்ணீர் சிக்கினாலும், 100 டிகிரியைத் தாண்டும்போது அது படலத்தைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். காற்றுக் குமிழும் இப்படித்தான் கெடுக்கும். அம்மாவின் கட்டைவிரலுக்குத் தெரிந்த விஷயம் ஒரு வருஷம் கழித்து எனக்குக் கணக்காகத் தெரிந்தது. ஒட்டிய கப்பை ஒரு இரவு முழுக்கக் காயவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதை நான் இப்போது மீறுவதில்லை.

சூளைக்குள் நடப்பது

சூட்டை ஒரேயடியாக ஏற்றக் கூடாது. முதல் 400, 450 டிகிரி வரை மெதுவாக ஏற்ற வேண்டும். அப்போது சூளையின் புகைத் துவாரம் திறந்தே இருக்க வேண்டும். மேலே இருக்கும் லாக்கர் படலம் எரிந்து வெளியேறுவது இந்தக் கட்டத்தில்தான். துவாரத்தை மூடிவிட்டால் புகை உள்ளேயே சுற்றி நிறத்தை மங்க வைக்கும்.

பிறகு வேகமாக ஏற்றலாம். கிளேஸ் போட்ட பீங்கானுக்கு சுமார் 780 முதல் 850 டிகிரி சென்டிகிரேட் வேண்டும். அந்தச் சூட்டில் கிளேஸ் லேசாக இளகும், ஃபிளக்ஸ் உருகி அதைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி டம்ளருக்கு இது ஆகாது, டம்ளரே வளைந்துவிடும். அதற்கென்று தனி வர்ணம் உண்டு, 550 முதல் 620 டிகிரிக்குள் முடித்துவிட வேண்டும்.

சூடு குறைந்தால் பூ பளபளப்பில்லாமல் சொரசொரப்பாக இருக்கும், சுரண்டினால் வரும். கூடினால் வேறு வம்பு. "ஏன்டா, செவப்பு மட்டும் ஏன் எப்பவும் கெட்டுப்போவுது? பச்சைக்கு ஒண்ணும் ஆவறதில்லியே?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். காட்மியம் செலினியம் சிவப்பு சூட்டுக்கு ரொம்ப ரோஷக்காரன். கொஞ்சம் கூடினாலும் சிதைந்து நிறம் போய்விடும். குரோமியம் பச்சை எருமை மாதிரி, எதையும் தாங்கும். இதைச் சொன்னதும் அம்மா, "பதினோரு வருஷமா நான் பேப்பர்தான் மட்டம்னு நெனச்சிருந்தேன்" என்றார். அன்றைக்குத்தான் என் படிப்பு வீட்டுக்கு முதல் தடவையாகப் பயன்பட்டது.

போட்டோ கப் எப்படி?

இன்று போட்டோ ஸ்டுடியோக்களில் பத்து நிமிஷத்தில் நம் படத்தைக் கப்பில் போட்டுத் தருகிறார்களே, அது வேறு ஜாதி. அதற்கு சப்ளிமேஷன் என்று பெயர். கற்பூரம் உருகாமலேயே ஆவியாவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே தத்துவம்தான். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சடித்துக் கப்பைச் சுற்றிக் கட்டி, 180 முதல் 200 டிகிரியில் சில நிமிஷம் அழுத்துவார்கள். மை ஆவியாகிக் கப்பின் மேல் ஏற்கெனவே பூசியிருக்கும் பாலியெஸ்டர் பூச்சுக்குள் புகுந்துகொள்ளும். பூச்சு இல்லாத சாதாரண கப்பில் இது பிடிக்காது. படம் பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறதே தவிரக் கண்ணாடிக்குள் இல்லை. ஆகவே கம்பி நார் போட்டுத் தேய்த்தால் போயே போய்விடும்.

நாம் கவனிக்க வேண்டியவை

இதை அவசியம் வீட்டில் சொல்லுங்கள். பழைய வர்ணங்களிலும் ஃபிளக்ஸிலும் ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. ஈயமும் காட்மியமும் உடம்புக்குக் கேடு. சரியாகச் சுடாத வர்ணத்திலிருந்து புளிப்பு இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். அதனால்தான் சோதனைக்கூடத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்துப் பரிசோதிக்கிறார்கள். வாய் வைக்கும் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் தூரம் வரை படம் வராமல் பார்த்துக்கொள்வது நல்ல தயாரிப்பாளரின் வழக்கம்.

உட்புறம் படம் போட்ட தட்டை விரலால் தடவிப் பாருங்கள். படத்தின் ஓரம் மேடாகத் தட்டுப்பட்டால் அது கிளேஸுக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஊறுகாய், புளிக்குழம்பு, எலுமிச்சை சாதம் வைத்து நாள் கணக்கில் மூடி வைக்காதீர்கள். தங்கக்கோடு போட்ட கப்பை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். அது உலோகம், பொறி பறக்கும்.

உபயோகிக்கிறவர்களுக்கே இவ்வளவு ஜாக்கிரதை என்றால், தினமும் வேலை செய்கிறவர்களுக்கு? வர்ணத்தூளைக் கையாளும் அச்சுப் பகுதியில்தான் ஆபத்து அதிகம். டீக்காலில் வர்ணம் லாக்கருக்குள் அடங்கியிருக்கும். ஆனாலும் சின்ன யூனிட்டில் எல்லாம் ஒரே கூரையின் கீழ்தானே நடக்கிறது? மேஜை மேல் தூசி, சூளைப் புகை, எல்லாம் ஒரே அறை. அம்மா அதே மேஜையில் உட்கார்ந்து, அதே கையால் வெற்றிலை மடித்துப் போடுவார். பதினோரு வருஷமாக இப்படித்தான். வகுப்பில் ஈயத்தைப் பற்றி நடத்திய அன்று எனக்கு நோட்ஸ் எடுக்கவே கை ஓடவில்லை.

சாயங்காலம் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, போடா" என்றார். மறுநாள் நான் ஒரு சோப்புக்கட்டி வாங்கிப்போய் யூனிட் குழாயடியில் வைத்தேன். சாப்பிடும் முன்பும் வெற்றிலை போடும் முன்பும் கை கழுவ வேண்டும், மேஜையில் சாப்பிடக் கூடாது, சூளை எரியும்போது ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று அங்கே வேலை செய்யும் அக்காக்களிடமும் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். "என் மவன் இதையேதான் படிக்கிறான்" என்று அம்மா சொன்ன பிறகு சிரிப்பு நின்றது.

நண்பர்களே, நாம் எழுதும் பரீட்சையில் ஃபிளக்ஸ் என்றால் என்ன என்பது இரண்டு மார்க் கேள்விதான். ஆனால் அந்த இரண்டு மார்க்கில் யாரோ ஒருவருடைய இரண்டு நாள் கூலி இருக்கிறது, யாரோ ஒருவருடைய ஆரோக்கியம் இருக்கிறது. உங்கள் பிரிவு எதுவாக இருந்தாலும், படிப்பதை அந்த வேலையைச் செய்கிறவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவரிடமிருந்தும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சோப்பு தீர்ந்து இப்போது நாலாவது கட்டி நடக்கிறது. முதல் கட்டி மட்டும்தான் நான் வாங்கியது, மற்றதெல்லாம் அவர்களே காசு போட்டு வாங்கியது.