ஹெல்மெட்டுக்குள்ளே ஒரு சூறாவளி!

ஞாயிற்றுக்கிழமை காலை. வேலூரிலிருந்து நாலு பைக், எட்டுப் பேர். ஜவ்வாது மலை டிரிப்! கண்ணமங்கலம் தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே ஓடி வர, ஸ்பீடோமீட்டர் முள் 80-ஐத் தாண்டுகிறது. சந்தவாசலில் டீக்கு நிறுத்துகிறீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் கடைக்காரர் ஏதோ கேட்கிறார். ''என்னண்ணே?'' மறுபடி கேட்கிறார். ''சக்கரை கம்மியாவா தம்பி?'' மூணாவது தடவைதான் காதில் விழுகிறது. உள்ளே 'ங்ஙொய்ய்ய்...' என்று ஒரு ரீங்காரம் வேறு. ''காத்து அடைச்சுக்கிச்சு மச்சி''ன்னு சிரிச்சுட்டு டீயைக் குடிக்கிறீங்க.

அடைக்கலை பாஸ். காது அடி வாங்கியிருக்கு!

பைக் சத்தம்னாலே சைலன்சரைத்தான் திட்டுவோம். ஆனால் 70-ஐத் தாண்டிவிட்டால் ஓட்டுகிறவருக்கு இன்ஜினைவிடக் காற்றுதான் பெரிய வில்லன். ஹெல்மெட்டில் மோதும் காற்று அதன் விளிம்புகளில் சுழன்று கொந்தளிக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் காதருகே சத்தம் சுமார் 95 டெசிபல். அமெரிக்காவின் 'நியோஷ்' அமைப்பு தொழிலாளர்களுக்குப் போட்ட கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அதாவது 94 என்றால் ஒரு மணி நேரம். 100 என்றால் வெறும் 15 நிமிஷம்! வேலூர் டு சென்னை பைபாஸில் விரட்டுகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரீங்காரம் சாயங்காலத்துக்குள் போயிடுதே என்பீர்கள். போகும். ஆனால் அடிக்கடி இப்படி ஆனால், உள்காதில் ஒலியை உணரும் மெல்லிய முடி செல்கள் செத்துப் போகும். அவை திரும்ப முளைக்காது.

இதைவிடக் கொடுமை, ஹெல்மெட்டுக்குள் இயர்போன்! காற்றை ஜெயிக்கப் பாட்டை ஏற்றி வைப்பீர்கள். காதுக்கு இரட்டை அடி. பின்னால் வருகிற லாரியும் கேட்காது.

அப்ப ஹெல்மெட்டையே கழற்றிடலாமா? ஐயோ சாமி, வேண்டாம்! காற்று நேராகக் காதில் அறையும், மண்டையும் அம்போ.

இங்கிலாந்தின் பாத் நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி, காற்றுச் சுரங்கத்தில் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். முகவாய்க்குக் கீழே இருக்கும் திறப்புதான் சத்தம் நுழைகிற முக்கியமான வாசல் என்று தெரிந்தது. ஆக, கன்னத்தைக் கவ்விப் பிடிக்கிற ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டாக வாங்குங்கள். தொளதொளா அண்ணன் ஹெல்மெட் வேண்டாம். கழுத்தில் ஒரு துணியைச் சுற்றி அந்த இடைவெளியை அடையுங்கள். வைசரை முழுசாக மூடுங்கள்.

இன்னொரு ஆயுதம், மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக். விரலால் மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, உப்பும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். 'ஹார்ன் கேட்காதே?' கேட்கும். பிளக் காற்றையும் ஹார்னையும் சேர்த்தேதான் குறைக்கிறது. காற்றில் அமுங்கிக் கிடந்த ஹார்ன் அதனால் கூடுதலாக அமுங்கிவிடாது. ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் கழற்றிடுங்க. போளூர் போய் ஜமுனாமரத்தூர் மலைச்சாலை ஏறும்போதும் வேண்டாம். வளைவுக்கு வளைவு 30-ல் போகையில் காற்றுச் சத்தமே இருக்காது. எதிரே வருகிற பஸ்ஸின் ஹார்ன்தான் முக்கியம்.

திரும்பும்போது அதே சந்தவாசல் கடையில் நிறுத்துங்க. 'சக்கரை கம்மியா?'ன்னு அண்ணன் ஒரு தடவை கேட்டதுமே காதில் விழுதான்னு பாருங்க!