தொண்டு நடத்துவோருக்கு ஓர் ஓய்விடம்

அநாதை இல்லமோ மருத்துவமனையோ நடத்தும் கிறிஸ்தவத் தொண்டர் ஒருவர் நாள் முழுதும் பிறர் துயரைக் கேட்கிறார். தம் துயரை அவர் யாரிடம் சொல்வார்? தம்மிடம் பணிபுரிவோரிடம் சொல்ல இயலாது. நன்கொடையாளரிடம் சொல்லவே கூடாது!

அமெரிக்க மெதடிஸ்ட் பாதிரியார் ஸ்டான்லி ஜோன்ஸ் இதைப் பட்டறிந்தவர். 1907-இல் இந்தியா வந்தவர், ஓயா உழைப்பால் உடலும் உள்ளமும் தளர்ந்து, தாய்நாடு சென்று இளைப்பாற வேண்டியதாயிற்று. திரும்பி வந்ததும் மீண்டும் தளர்ந்தார். நலம் பெற்றுப் பல்லாண்டு பணிபுரிந்தபின், 1930-இல் குமாவுன் மலையில், ஏரிகள் சூழ்ந்த ஸாத்தாலில் நண்பர்களுடன் ஓர் ஆசிரமம் கண்டார்.

அங்கே பட்டம் பதவிகளுக்கு இடமில்லை; யாவரும் சகோதரர், சகோதரி. தொடக்கத்திலேயே, உள்ளம் திறந்து பேசுவதற்கென ஒரு காலைப்பொழுது. ஏன் வந்தீர்கள், என்ன விரும்புகிறீர்கள், உண்மையில் உங்களுக்குத் தேவை என்ன என்று மூன்று வினாக்கள். மூன்றாவதுதான் கடினம் என்பேன். துப்புரவுத் தொழிலாளிக்கு விடுமுறை தந்து, வந்தவர்களே அவர் வேலையைச் செய்தார்கள். இதுவும் ஓய்வா எனலாம். ஆணையிட்டே பழகிய கைக்குத் துடைப்பம் நல்ல மாறுதலன்றோ?

ஜோன்ஸ் 1973-இல் மறைந்தார், ஆசிரமம் இருக்கிறது. தில்லி அன்பர்கள் காட்கோதாம் வரை ரயிலில் சென்று, பீம்தால் வழியே மலையேறலாம்.