மருத்துவமனையே நினைவுச் சின்னம்

போர் நினைவுச் சின்னம் என்றதும் கல்தூணும் மலர் வளையமுமே நம் மனக்கண்முன் தோன்றும். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஆண்டோவர் என்னும் சிறுநகரிலோ ஒரு மருத்துவமனையே நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஆண்டோவர் போர் நினைவு மருத்துவமனை என்பதே அதன் பெயர்.

முதல் உலகப் போரில் (1914-1918) பிரிட்டன் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அவர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவர அரசு இசையவில்லை. செல்வர் மகனானாலும் ஏழை மகனானாலும், மாண்ட நாட்டிலேயே அடக்கம். கல்லறையில் ஒரு மலர் வைக்கவும் வழியற்ற தாய்மார் எத்தனை பேர்! ஆகவே ஊர்தோறும் ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அது எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் வாதம். பயன்படும் கட்டடமானால், நாளடைவில் இறந்தோர் மறக்கப்படுவர் என்றனர் ஒரு சாரார். உயிரோடிருப்போருக்கு உதவாத கல் எதற்கு என்றனர் மறு சாரார். சிற்றூர் மருத்துவமனைகள் நன்கொடையை நம்பியே நடந்த காலம் அது. என் மனம் இவர்கள் பக்கமே சாய்கிறது.

ஆண்டோவர் மருத்துவமனையை 1926-ல் திறந்துவைத்தவர் ஆலன்பி பிரபு. 1917-ல் எருசலேமைக் கைப்பற்றியபின், குதிரையேறாமல் நடந்தே அந்நகருக்குள் நுழைந்தாரே, அந்தப் படைத்தலைவர்தான்!

1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியதும் இத்தகைய மருத்துவமனைகள் பெரும்பாலும் அரசின் கைக்கு மாறின. பின்னாளில் சில மூடப்பட்டன. வீரர்களின் பெயர் பொறித்த பலகைகளுக்கு வேறிடம் தேட நேர்ந்தது. முதல் சாராரின் அச்சம் முற்றிலும் வீண் என்று சொல்வதற்கில்லை. ஆண்டோவர் மருத்துவமனை இன்றும் அதே பெயரில் நடைபெறுகிறது. சிறு காயத்துக்குக் கட்டுப்போட வருபவரும் அப்பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கவேண்டும்.