எழுதிப் போட்டாயிற்று, பணம் எங்கே?

பிள்ளை கல்லூரியில் சேர்ந்த வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டோம், வரவே இல்லை.” எங்கே நின்றுபோனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அது வழக்கமாக நிற்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான். படிவம் நிரப்புவது அரை மணி நேர வேலை. அதனால் அதைக் குறைத்துக்கொண்டு, அந்த இடங்களைப் பற்றியே இங்கே கூடுதலாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு எந்த உதவித்தொகை கிடைக்கும்?

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024). அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு உரியது) இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது.

மத்திய அரசு தருவதற்கு என்.எஸ்.பி. எனப்படும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து, வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் திட்டம் அங்கே உண்டு. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கான ‘பிரகதி’ ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. அதற்கு வருமான வரம்பு 8 லட்சம் என்பதால், நடுத்தர வருமானக் குடும்பங்களும் கேட்கலாம். பலரும் “நமக்கெல்லாம் எங்கே” என்று பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

‘80 பெர்சென்டைல்’ என்கிறார்களே, 80 சதவீத மதிப்பெண்ணா?

இல்லை. அந்த 12,000 ரூபாய்த் திட்டத்தில் எல்லோரையும் குழப்புவது இந்தச் சொல்தான். பெர்சென்டைல் (உங்களுக்குக் கீழே நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு) என்பது மதிப்பெண் அல்ல, வரிசையில் நீங்கள் நிற்கும் இடம். உங்கள் தேர்வு வாரியத்தில், உங்கள் பாடப்பிரிவில், முதல் இருபது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எல்லோரும் அள்ளிக் குவித்த ஆண்டில் 85 சதவீதம் எடுத்தவரும் வெளியே நிற்கக்கூடும்.

முதல் பட்டதாரி சலுகையும் உதவித்தொகைதானே?

அது கைக்கு வரும் பணம் இல்லை. கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேரும்போது கல்விக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் கிடையாது.

என்ன சான்றிதழ்களைத் தயாராக வைக்க வேண்டும்?

சாதிச் சான்றிதழை ஒரு முறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் அப்படியல்ல, பழையதை ஏற்க மாட்டார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தார் அலுவலகம் போய் வரும். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் ஊரே வரிசையில் நிற்கும். தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

பெயரில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகிவிடும்?

நிறைய ஆகும். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தலைப்பெழுத்துத்தான் (அப்பா அல்லது அம்மா பெயரின் முதல் எழுத்து). உங்கள் பெயர் கார்த்திகா, அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திகா எம்’, ஆதாரில் ‘கார்த்திகா முருகேசன்’, வங்கிப் புத்தகத்தில் வெறும் ‘கார்த்திகா’. நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர்.

மதிப்பெண் பட்டியலில் உள்ளதை மாற்றுவது கடினம். ஆகவே அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரை அதற்கேற்பத் திருத்துங்கள், பிறகு வங்கிக் கணக்கை. இந்த வரிசையிலேயே செய்யுங்கள், இல்லாவிட்டால் வங்கிக்கு இரண்டு முறை அலைய வேண்டும்.

“ஒப்புதல் ஆகிவிட்டது” என்கிறது இணையதளம். கணக்கில் ஏன் ஏறவில்லை?

எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு இதுதான் நடந்தது. பள்ளி நாளில் ஊரில் திறந்த கணக்கைத்தான் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் சேர்ந்தபோது வளாகத்துக்குள் இருந்த வங்கிக் கிளையில் எல்லோரையும் இன்னொரு கணக்கு திறக்கச் சொன்னார்கள். அந்தப் படிவத்தில், அரசுப் பணம் இனி இந்தக் கணக்குக்கே வரட்டும் என்ற கட்டத்திலும் டிக் அடித்திருக்கிறாள். ஓராண்டுப் பணம் அந்தக் கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருந்தது.

அந்த டிக் செய்த வேலைக்குப் பெயர் ஆதார் சீடிங் (அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று ஆதார் எண்ணோடு குறித்து வைப்பது). நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பல திட்டங்களில் பார்ப்பதில்லை. ஆதாரோடு எந்த வங்கி குறிக்கப்பட்டிருக்கிறதோ அங்கே அனுப்பிவிடுவார்கள். கடைசியாகக் குறித்த வங்கி எதுவோ, அதுதான் செல்லும்.

“எங்கள் கணக்கில் ஆதார் நம்பர் கொடுத்திருக்கிறோமே!” என்பீர்கள். அடையாளத்துக்காக ஆதார் நகல் கொடுப்பது வேறு, சீடிங் வேறு. ‘மை ஆதார்’ தளத்தில் ஓ.டி.பி. கொடுத்து நுழைந்தால் எந்த வங்கி, நடப்பில் உள்ளதா என்று காட்டும். இரண்டு நிமிடம் ஆகாது. வங்கி எதுவும் காட்டவில்லை என்றால் கிளைக்குப் போய், “மானியம் வாங்க ஆதார் சீடிங் செய்ய வேண்டும்” என்று இதே சொற்களில் கேளுங்கள். அங்கே இழுத்தடித்தால் தபால் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு திறந்து, அதிலேயே சீடிங்கும் செய்துகொள்ளலாம்.

இரண்டு ஆண்டுகள் கொடுக்கல் வாங்கலே இல்லாத கணக்கு முடங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அனுப்பிய பிறகு நம் வேலை முடிந்ததா?

முடியவில்லை. விண்ணப்பத்தைக் கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் நகரும். அந்த வேலையைப் பார்ப்பவர் யார் என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்.எஸ்.பி.யில் ‘டிஃபெக்டிவ்’ (குறை உள்ளது) என்று வந்தால் பயப்பட வேண்டாம், திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் அதற்கும் கெடு உண்டு. ‘ரிஜெக்டட்’ (நிராகரிப்பு) என்றால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். வாரம் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு தானாக வருமா?

என்.எஸ்.பி. வழியாக வாங்குவதை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். மேலே சொன்ன 12,000 ரூபாய்த் திட்டத்துக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் கேட்கிறார்கள். வேறு உதவித்தொகை வாங்குபவருக்கு அது கிடையாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணத்தையோ மற்ற உதவித்தொகையோடு சேர்த்தே வாங்கலாம்.

யாராவது பணம் கேட்டால்?

கொடுக்காதீர்கள். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. “உங்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள்.

இன்னொன்று: பதிவு செய்யும்போது உங்கள் சொந்தக் கைபேசி எண்ணையே கொடுங்கள். பிரௌசிங் சென்டர்க்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டுவிட்டால், கடவுச்சொல்லை மறந்த நாளில் நீங்கள் அந்தக் கடை வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.