அறுபடாத நூல், தடைக்கு அடங்காத 'சீன மாஞ்சா'

புதுடெல்லி: சுதந்திர தினத்தன்று பட்டம் விடுவது தலைநகரின் நெடுநாள் வழக்கம். பட்டத்தை மேலே தூக்குவது காற்று. காற்றுக்கு எதிரே அதைச் சாய்வாக நிறுத்துவது நூலின் இழுவிசை. பருத்தி நூல் எதிலாவது சிக்கினால் அறுந்துவிடும். கண்ணாடித் தூள் பூசிய நைலான் நூலோ எளிதில் அறுவதில்லை, கழுத்தை அறுக்கிறது.

2016 ஆகஸ்ட் 15 அன்று, கார்களின் மேற்கூரைத் திறப்பு வழியே எட்டிப் பார்த்த இரு குழந்தைகள் டெல்லியில் மாஞ்சா அறுத்து இறந்தனர். 2017 ஜனவரியில் டெல்லி அரசும், ஜூலையில் நாடு முழுமைக்குமாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தடை விதித்தன. எனினும் மறைமுக விற்பனை ஓயவில்லை. பெயர்தான் 'சீன', பெரும்பாலும் உள்நாட்டுத் தயாரிப்பே. உற்பத்திக் கூடங்களைத் தொடாமல் சில்லறை வியாபாரிகளை மட்டும் பிடிப்பதால் என்ன பயன்?

டெல்லி அரசின் ஆணைப்படி எப்பூச்சும் இல்லாத பருத்தி நூலுக்கே அனுமதி. உலோகத் துகள் பூசிய நூல் மின்கம்பியில் உரசினால் விடுபவர் மீது மின்சாரம் பாயும்.